பறவை நடைக்கு ஓதம் பார்த்து நேரம் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, கடலோர ஈரநிலத்தில் வார இறுதிதோறும் வழிகாட்டியுடன் பறவை நோக்கும் நடை தொடங்குவதாக வந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் எல்லா வாரமும் காலையில் ஒரே நேரம் என்று அறிவித்திருப்பது சரியல்ல. கரைப்பறவைகளுக்குக் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம்தான் கடிகாரம். நீர் வற்றும்போது சேற்றில் பரவி இரை தேடும். ஏறியதும் மிஞ்சிய திட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரத்தில் ஏறத்தாழ 6 மணி நேரம் மாறிவிடுகிறது. இந்த வாரம் வற்றம் இருந்த அதே மணிக்கு அடுத்த வாரம் ஏற்றம் இருக்கும். கூட்டம் நேராகப் பறவைகளின் ஓய்விடத்தில் போய் நிற்கும்.

அப்படியொரு நடையில் நானும் இருந்தேன். படத்துக்காக ஒருவர் கைதட்டினார். அலகை முதுகுச் சிறகில் செருகி, ஒற்றைக் காலில் நின்றிருந்த கொசு உள்ளான் என்னும் குட்டிக் கரைப்பறவைகள் மொத்தமாக எழுந்து, இறங்க இடமின்றிச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பெரும்பாலும் 30 கிராமைத் தாண்டாத உடல். ஆர்க்டிக் வரை திரும்பிப் போக வேண்டிய உயிர். தின்று சேர்த்த கொழுப்புதான் அந்தப் பயணத்துக்கு எரிபொருள். அதை நம் வேடிக்கைக்காக வீணடிக்கச் செய்வது கொடுமை. எனவே ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கத் தொடங்கிய பிறகே நடையை வைக்க வேண்டும். அப்புறம், வழிகாட்டியிடம் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தூரத்தில் நின்றே அலகு சேற்றில் இறங்குவது தெரிந்தால் யாரும் கிட்டே போகத் துடிக்க மாட்டார்கள்.