சூடேற்றும் அலை, பெயரும் சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுக்கரு இணைவு பற்றிய செய்திகளில் எத்தனை கோடி டிகிரி, எத்தனை மெகாவாட் என்பதே அடிபடுகிறது. ரேடியோ அலையால் பிளாஸ்மாவை (அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவை) சூடேற்றும்போது சுவரிலிருந்து புகும் உலோக மாசு பற்றிப் பேச்சே இல்லை. மதுரை வட்டாரத்து இயற்பியல் மாணவர்கள் கைவைக்கக்கூடிய பகுதி அது.

பிரான்சில் உருவாகிவரும் பன்னாட்டு இணைவு உலையான ஈட்டரில், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ டோகாமாக்கில், 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் அலைகளால் அயனிகளைச் சூடேற்றுவார்கள். அந்த அலைக்கான மின்மூலங்கள் இந்தியாவின் பங்கு. ஆன்டெனா அருகே காந்தக் கோட்டின் திசையில் ஒரு மின்புலமும் உண்டாகிறது, வில்லங்கம் அதில்தான். லேசான எலெக்ட்ரான்கள் அலையின் ஒவ்வோர் ஆட்டத்திலும் சுவருக்கு ஓடப் பார்க்கும். அவற்றைப் பிடித்துவைக்க பிளாஸ்மாவின் மின்னழுத்தம் தானே உயர்ந்து, சுவரை ஒட்டிய மெல்லிய உறையில் நூறு வோல்ட்டுக்கு மேலும் நிலைத்துவிடும். அந்த மின்னழுத்தம் தரும் வேகத்தில் அயனிகள் சுவரில் மோதுகின்றன. சுவரின் டங்ஸ்டனைப் பெயர்க்க, எரிபொருளான டியூட்டீரியத்துக்கு (கன ஹைட்ரஜன்) 200 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். பல மின்னூட்டம் ஏறிய ஆக்சிஜனுக்கு அவ்வளவு வேண்டாம். பெயர்ந்த டங்ஸ்டன் மையத்தை அடைந்தால் வெப்பத்தைக் கதிராக வாரி இறைக்கும். பத்தாயிரத்துக்கு ஒரு அணு கலந்தாலே பிளாஸ்மா தாங்காது. உட்சுவரில் பெரிலியத்துக்குப் பதில் டங்ஸ்டன் என்று 2024-இல் ஈட்டர் திட்டம் மாறியதால், இது இன்னும் அவசரமான வேலை.

தீர்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் அல்கேட்டர் சி-மோட் டோகாமாக்கில் ஆன்டெனாவைக் காந்தக் கோட்டுக்கு இசையச் சாய்த்ததும், அங்கே சுவர் உலோகமான மாலிப்டினத்தின் மாசு குறைந்தது. ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோகாமாக்கில் மூன்று பட்டை ஆன்டெனா. நடுப்பட்டைக்கும் ஓரப்பட்டைகளுக்கும் மின்திறனைப் பங்கிட்டு, ஆன்டெனாவின் சட்டத்தில் ஓடும் தூண்டல் மின்னோட்டங்களை ஒன்றையொன்று அழிக்கவைத்தார்கள். சுவரில் போரான் பூச்சும் உதவும், ஆனால் தேய்ந்துவிடும். அதை மட்டும் நம்புவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

மென்படல ஆய்வகங்களில் உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் ஸ்பட்டரிங் கருவியிலும் (அயனிகளை மோதவிட்டு உலோகத்தைப் பெயர்த்துப் படலமாகப் படியவைப்பது) இதே உறைதான் வேலை செய்கிறது. அங்கே உலோகம் பெயர்வது வரம், டோகாமாக்கில் சாபம். ஆர்கான் அழுத்தத்தை மாற்றாமல் திறனைப் படிப்படியாக ஏற்றி, டார்கெட்டின் (பெயர்க்கப்படும் உலோகத் தகட்டின்) நேர்திசை மின்னழுத்தத்தைக் குறித்தாலே உறை வளர்வது தெரியும். பிளாஸ்மாவை அளக்க, அதற்குள் நீட்டும் சிறு உலோகக் கம்பியான லாங்மூர் புரோப் போதும். ஆனால் முனைக்குப் பின்னால் ஒட்டினாற்போல, 13.56-க்கும் அதன் இரட்டிப்பான 27.12-க்கும் பொருந்திய, அந்த அலைகளைத் தடுக்கும் சோக் சுருள்கள் கட்டாயம். அவை இல்லாவிட்டால் புரோப்பின் மின்னழுத்த-மின்னோட்ட வளைகோடு மழுங்கி, எலெக்ட்ரான் வெப்பநிலை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இன்னொன்று: கம்பியைச் சூழ்ந்த பீங்கான் குழாயில் படியும் உலோகம் கம்பியைத் தொட்டால் புரோப்பின் பரப்பே பெருகிவிடும். குழாயின் வாயைக் கம்பியைவிடச் சற்று அகலமாக வையுங்கள்.

முதுநிலை மாணவர்களின் திட்டப்பணிக்கு இதை வழிகாட்டிகள் தர வேண்டும். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா-யு டோகாமாக் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
திருப்பரங்குன்றம், மதுரை