எங்கே தொழில் பழகினவர்?

கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் சுகம். சின்ன மாமியின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. உமது ஊர் வீட்டு வயரிங்கை மாற்ற நல்ல எலெக்ட்ரீசியன் ஒருவரைப் பார்த்துவைக்கச் சொல்லியிருந்தீர். இந்த மாரியில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால், நான் ஏன் இன்னும் ஒருவரையும் பேசி முடிக்கவில்லை என்பது விளங்கும்.

மழை தொடங்கியதும், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. பார்க்க வந்த எலெக்ட்ரீசியன், வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் அது விழுந்தபடியால், பழுது சுவிச்சில்தான் என்று முடிவுகட்டி, அதை விலக்கி வயரை நேரே கொடுத்துவிட்டுப் போனார். பேரப்பிள்ளைகள் ஈரக்காலோடு கிணற்றடிக்கு ஓடித்திரிகிற வீடு; அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

பிறகு மாஸ்டர் ஒரு பொடியனை அனுப்பினார். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் நான்காம் நிலை முடித்தவன். மெயினை நிறுத்தி, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரில் கசிவு உண்டா என்று பார்க்கும் 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரை வைத்தான். கிணற்று மோட்டர் வயரில் முள் பூச்சியத்துக்கு விழுந்தது. தொட்டியடியில் இருந்த வயர் இணைப்பைப் பிரித்தபோது, ஊறிய டேப்புக்குள் செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. வீட்டுப் பிரேக்கர், கரண்ட் வரும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் ஈரத்தில் எர்த்தை, அதாவது நிலத்தை, தொட்டுக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து வரும் சிறு வோல்டேஜ்கூட 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிச்சை விழுத்தப் போதும் என்று விளக்கினான். அந்த இணைப்பைத் திருத்தி, உடனே சுவிச்சையும் திரும்ப இணைத்தான்.

முதலில் வந்தவரைத் தொழில் தெரியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். வளைகுடாவின் பெரிய கட்டடங்களில் வயருக்கான பைப் இழுத்துப் பழகியவர். அவர் கட்டிய போர்டில் ஒரு வயர்கூடக் கோணாது. ஆனால் எல்லாம் புதிதாக இருந்த இடத்தில் பழகியவருக்குப் பழுது தேடும் வேலை வாய்க்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இல்லாதிருந்தபோது ஜெனரேட்டர்களையும் மோட்டர்களையும் உயிரோடு வைத்திருந்த நம்முடைய கோயில்வாசல் அண்ணை, சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்ததைச் சொல்லுவார். வீட்டு எர்த்தைப் பற்றிக் கேட்டால் கையை விரிப்பார்.

உமது நாற்சார வீட்டில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இன்னும் சுண்ணாம்புச் சுவருக்குள் கிடக்கின்றன. பல பிளக்குகளுக்கு எர்த்தே இல்லை. நம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் என்பதால் எர்த் கம்பி ஆழமாக இறங்காது. கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் கூடும். அப்போது கசிவு ஏற்பட்டால் பியூஸ் எரிகிற அளவுக்குக் கரண்ட் ஓடாது, ட்ரிப் சுவிச் ஒன்றுதான் ஆளைக் காக்கும். ஆகவே யாரை அமர்த்தினாலும், எங்கே தொழில் பழகினார், எர்த் தடையை அளக்க மீட்டர் வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் சம்மதம் சொல்லாதேயும். சுறுசுறுப்பாக வேலை செய்கிறார் என்ற உமது வழக்கமான சான்றிதழ் இங்கே செல்லாது!

பொடியன் அளந்து திட்டம் போடட்டும், பைப் இழுப்பதை வளைகுடாக்காரர் செய்யட்டும் என்பது என் எண்ணம். இருவரும் சம்மதம். தைப்பொங்கல் கழிந்து தொடங்கலாம். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் உடனே எழுதும்.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்