எர்த் கம்பியைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காகச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டியை எங்கள் தெருவில் பல வீடுகளில் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள். அதில் மருத்துவக் கருவிகளுக்கான பொறியியலான பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கு ஒரே ஒரு வரி. மருத்துவ இடம் கிடைக்காதவர்களுக்கு நல்ல மாற்று என்று போட்டிருந்தீர்கள். 22 ஆண்டுகளாக இந்த வேலூர் மாவட்டத்து மருத்துவமனைகளில் கருவிகளோடு வேலை பார்க்கிறவள் நான். அந்த ஒரு வரியை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் மூன்றாம் செமஸ்டரில் திணறுவதைப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, இதைப் படித்தால் பாதி டாக்டர் ஆகிவிடலாம் என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டார். இரண்டாவது முறையும் நீட்டில் போதிய மதிப்பெண் வராத பெண் அது. தலை நிமிரவே இல்லை.

பாதி டாக்டர் ஆக முடியாது என்று அவரிடம் நேராகவே சொன்னேன். நான்கு ஆண்டுப் படிப்பில் உடற்கூறியலும் உடலியலும் ஓரிரு தாள்கள்தான். மற்றபடி கணிதம், மின்சுற்று, சிக்னல், மைக்ரோ கன்ட்ரோலர், மருத்துவப் படிமம், உயிர்ப்பொருள்கள் என்று முழுக்கப் பொறியியல். சேர்வதற்கு நீட் தேவையில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் பொறியியல் கலந்தாய்வு. உயிரியலே படிக்காத கணினி அறிவியல் பிரிவு மாணவர்களும் இதில் நன்றாகத் தேறுகிறார்கள். உயிரியல் மேல் உள்ள ஆசையால் மட்டும் வருகிற பிள்ளை ஒரு சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கில் தடுக்கி விழுகிறது. அதே பிள்ளையிடம், இதயம் துடிக்கும்போது தோலின் மேல் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லி வோல்ட்தான், அதைச் சுற்றியிருக்கும் மின்சார இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கத்தான் இந்தக் கணக்கெல்லாம் என்று முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருந்தால், கணக்கின் மேலும் ஆசை வந்திருக்கும்.

கொரோனா காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் அடிப்படையைக் கண்டறிந்து 1974-ல் அறிவித்தவர் தகுயோ அவோயாகி என்ற ஜப்பானிய மின்பொறியாளர். சி.டி. ஸ்கேனை உருவாக்கி 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும் பொறியாளர்தான். இவர்களை யாரும் பாதி டாக்டர் என்று சொல்வதில்லை.

போன ஆண்டு இறுதியாண்டு மாணவன் ஒருவன் இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னிடம் வந்தான். ஒரு நாள் காலை வார்டிலிருந்து அழைப்பு. இதயத்தின் மின்துடிப்பை வரையும் இசிஜி சரியாக வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால், காகிதத்தில் கோடு கம்பளிப்பூச்சி போல உடம்பெல்லாம் மயிரோடு ஓடியிருக்கிறது. "50 ஹெர்ட்ஸ், மேடம்" என்றான் பையன். சரியாகத்தான் சொன்னான், நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் அது. அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டி நீக்கும் நாட்ச் ஃபில்டரை வகுப்பில் படித்தவன். கருவியில் ஃபில்டர் பொத்தானை அழுத்தினான். கோடு பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. செவிலியருக்கும் திருப்தி.

நான் ஃபில்டரை அணைக்கச் சொன்னேன். நோயாளியைக் கருவியிலிருந்து விடுவித்து, மின்சாரத்தை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழைத்துக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயின்ட்டைத் திறக்க வைத்தேன். பச்சைக் கம்பி திருகிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த்தே இல்லை. ஃபில்டர் போட்டு அனுப்பியிருந்தால் காகிதத்தில் கோடு அழகாக இருந்திருக்கும், ஆபத்து சுவருக்குள்ளேயே இருந்திருக்கும். இதயத்துக்குள் குழாய் செலுத்தியிருக்கும் நோயாளிக்கு, நாம் கையில் உணரவே முடியாத மின்கசிவு உயிரைப் பறிக்கப் போதும். இதயத்தை நேரடியாகத் தொடும் கருவிகளில், சாதாரண நிலையில் நோயாளி வழியாகச் செல்லும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுத் தரம். பையனுக்கு அந்த எண் மனப்பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். பச்சைக் கம்பியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் படித்த வகுப்பறையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனை வாசலில் இறங்கலாம். எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சிஎம்சி) 1961-ல் திறந்த இதய அறுவை சிகிச்சையும் 1971-ல் சிறுநீரக மாற்று சிகிச்சையும் நடந்தன. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தனை இருந்தும், நான்கு ஆண்டுகளில் ஒரு நாள், வரிசையாக நின்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு பல மாணவர்களின் மருத்துவமனை அனுபவம் முடிந்துவிடுகிறது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்களை விடக் குறைவாக இருப்பதால் பாதியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் நிறைய. நிலைத்து நிற்கிறவர்களில் பெரும்பாலோர் சர்வீஸ் இன்ஜினியராகத்தான் தொடங்குகிறார்கள். கருவிப் பையோடு ஆரணி, குடியாத்தம், திருவண்ணாமலை என்று அலைச்சல் உண்டு. ஆனால் ஒரு டயாலிசிஸ் கருவி நின்றுபோன இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த முறைக்குரியவர் காலை மடக்கிப் பெஞ்சில் காத்திருப்பார். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் ஓடப்போகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாற்றுப் படுகைத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கருவியை மட்டும் ஓட வைத்துவிட்டு ஆர்.ஓ. நீரைச் சோதிக்காமல் திரும்புகிறவரை நான் பொறியாளர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெண்களுக்கு இந்த அலைச்சல் வேலை ஒத்துவராது என்று என்னிடமே ஒரு நேர்காணலில் சொன்னார்கள். அதை நம்பி நான் திரும்பியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. பெண் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புங்கள்.

மருத்துவமனைப் பராமரிப்பு, கருவி வடிவமைப்பு, படிம மென்பொருள் என்று வேறு வழிகளும் உண்டு. மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபிறகு ஆவணம், தரச்சோதனை சார்ந்த வேலைகளுக்கும் ஆள் தேடுகிறார்கள். மேலே படிக்க நினைப்பவர்களுக்கு 2020 முதல் பொறியியல் முதுநிலைக்கான கேட் நுழைவுத் தேர்வில் இந்தப் பாடத்துக்கே தனித்தாள் இருக்கிறது. சென்னை ஐஐடி, நம் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன.

இன்னொரு துறையை நம் ஊர்க்காரர்கள்கூட நினைப்பதில்லை. உணர்விழந்த பாதங்களில் அழுத்தம் எங்கே விழுகிறது, எங்கே புண் வரும் என்று தொழுநோயாளிகளுக்காக சிஎம்சி அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்டும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து, மென்ரப்பர் காலணி செய்துகொடுத்தது இங்கேதான். இன்று அதே உணர்விழப்பு சர்க்கரை நோயாளிகளின் காலில் வருகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணி தைக்கும் கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாதத்தின் அழுத்தத்தை அளக்கத் தெரிந்த பயோமெடிக்கல் மாணவனும் காலணித் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

கல்லூரிகளுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு செமஸ்டரிலும் இரண்டு வாரமாவது மாணவர்களைக் கருவிப் பராமரிப்புப் பிரிவில் உட்கார வையுங்கள். பயன்பாட்டிலிருந்து நீக்கிய இசிஜி கருவிகள், மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்புகள், மானிட்டர்கள் எல்லாம் கிடங்குகளில் தூசி படிந்து கடைசியில் எடைக்குப் போகின்றன. அவற்றைக் கிருமி நீக்கி, நோயாளி விவரங்களை அழித்து, காயலான் கடைக்குப் போகும் முன் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கழற்றிப் பார்க்கட்டும், உடைந்தாலும் பாதகமில்லை. எந்தக் கல்லூரி கேட்டு வந்தாலும் எங்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு நடையாய் நடக்க நான் தயார்.

பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவளிடம் ஒரு பழைய பல்ஸ் ஆக்சிமீட்டரையும் சிறிய திருப்புளியையும் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு விளக்குகள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சிவப்பு மட்டும்தான் எரிந்தது. "இன்னொன்று எரியவில்லையே பெரியம்மா" என்றாள். செல்போன் கேமராவை அதன் மேல் பிடிக்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்ததும், கேமராவை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள், மறுபடியும் கேமராவை வைத்தாள். அவளுடைய அம்மா சாப்பிட அழைத்தும் எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கருவிப் பொறியாளர், உங்கள் நீண்டநாள் வாசகி,
காட்பாடி