நுங்கம்பாக்கத்துக்கு ஒரு நிலையான வாரம் வேண்டும்

தமிழ்நாடு டென்னிஸ் சங்க நிர்வாகிகளுக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்னையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியில் பந்து எடுத்துக் கொடுக்கும் பால் பாய்களாக என் மாணவர்கள் சிலர் நின்றிருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பல ஜனவரி மாதங்களில் நுங்கம்பாக்கம் மைதானத்துக்கு வந்து போனவன் என்பதைத் தவிர இம்மடலை எழுத எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. கோரிக்கையும் ஒன்றுதான். 2022இலும் 2025இலும் நீங்கள் நடத்திக் காட்டிய மகளிர் போட்டி இனி ஆண்டு தவறாமல், மழைக்கு அஞ்ச வேண்டாத ஒரே வாரத்தில், இதே நகரில் நடப்பதற்கு வழி செய்யுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்குப் பழைய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டென்னிஸ் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணனும், 1979இல் அங்கே இளையோர் பட்டம் வென்ற அவர் மகன் ரமேஷும், அமிர்தராஜ் சகோதரர்கள் மூவரும் நம் ஊர்க்காரர்கள். ஆனால் வெளிநாட்டு முன்னணி வீரர்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து ஒரு வாரம் தங்கி ஆடுவது என்ற வழக்கம் 1997இல்தான் ஏற்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு புதுடெல்லியில் தொடங்கிய ஆடவர் போட்டி சென்னைக்கு இடம் மாறியபோது, 1995ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி எழுந்த மைதானம் நுங்கம்பாக்கத்தில் தயாராக இருந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பகுதி அது. லேக் ஏரியா என்ற பெயர் மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் போட்டி ஏப்ரல் மாதத்தில் நடந்தது. அந்த வெயிலை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. 1998 ஏப்ரலில், முந்தைய ஆண்டின் அமெரிக்க ஓப்பன் சாம்பியனாக வந்திறங்கிய பேட்ரிக் ராஃப்டர் இங்கே பட்டம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனை மீண்டும் கைப்பற்றினார். அன்று போட்டியின் பெயர் கோல்டு ஃபிளேக் ஓப்பன். சிகரெட்டின் பெயரில் நடக்கும் போட்டிக்குப் பிள்ளைகளை எப்படிச் சார் கூட்டிப்போகிறீர்கள் என்று ஒரு மாணவனின் தாயார் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் அந்தப் பெயர் நீங்கி டாடா ஓப்பன் ஆனது, 2005 முதல் சென்னை ஓப்பன் என்று ஊர்ப்பெயராலேயே வழங்கியது.

பெயர் மாறியதைவிட நாள் மாறியதுதான் பெரிய மாற்றம். 2000இல் போட்டி ஜனவரியின் தொடக்கத்துக்கு வந்தது. மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், மாலையில் லேசான குளிருடன் இருக்கும் மார்கழி வாரம் அது. சபாக்களில் கச்சேரிகள் நடந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும். வீரர்களுக்கும் அந்த வாரம் பொருந்தியது. ஆஸ்திரேலிய ஓப்பனைப் போலவே இங்கும் கடினத்தரை என்பதால், இங்கே ஆடிவிட்டு மெல்போர்ன் செல்வது அவர்களுக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது. 2014இல் இங்கே வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா, அதே மாதம் மெல்போர்னில் நடாலை வீழ்த்தித் தன் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தைப் பெற்றார். 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை சென்னையில் வென்ற அவரைச் சென்னை மக்கள் தம் வீட்டுப் பிள்ளைபோலவே பார்த்தார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. அடுத்த வாரமே போட்டி. கடற்கரையோரக் குப்பங்கள் சிதைந்து கிடக்கையில் நுங்கம்பாக்கத்தில் கைதட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது சரிதானா என்ற குறுகுறுப்பு என்னைப் போன்ற பலருக்கும் இருந்தது. அந்தப் போட்டியில் தொடர்ந்து இரண்டாம் முறையாக வென்ற கார்லோஸ் மோயா தன் பரிசுத் தொகையைச் சுனாமி நிவாரணத்துக்கு வழங்கினார். அதன்பின் அவர் இங்கே ஆடிய ஒவ்வொரு முறையும் அரங்கம் அவர் பக்கமே இருந்தது.

இரண்டாவது, 2008 அரையிறுதி. மோயாவும் நடாலும், ஒரே மயோர்க்கா தீவைச் சேர்ந்த இருவரும், மூன்று செட் ஆட்டத்தை 3 மணி 54 நிமிடங்கள் ஆடினார்கள். மூன்று செட்டும், ஆறுக்கு ஆறு என்று சமனாகி, டை-பிரேக்கரில்தான் முடிந்தன. பால் பாய்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் எளியது: பந்தை எறியாதே, தரையோடு உருட்டு, சர்வ் போடுபவர் கேட்டால் கையைத் தலைக்கு மேல் நீட்டி, ஒரே துள்ளலில் அவர் கைக்குச் சேரும்படி விடு, புள்ளி முடியும்வரை அசையாதே. வலையருகே முட்டி போட்டிருந்த என் மாணவன் ஒருவன், முறை மாற்ற ஆள் வந்தபோது எழ முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தான். வெளியே வந்தவன் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, ‘ஸ்கோர் என்ன சார்?’ என்பதுதான். இரண்டு அடி தூரத்தில் இருந்தவனுக்குப் பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அன்று வென்ற நடால் மறுநாள் இறுதியில் மிக்கைல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். முந்தைய இரவைப் பார்த்த யாரும் அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை.

நம்மவர்களுக்கு அந்த வாரம் என்ன தந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டும். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இணைந்து ஐந்து முறை இரட்டையர் பட்டம் வென்றது இங்கேதான். 2009இல் வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பாராமல் அமைப்பாளர்கள் தரும் நேரடி இடம், பெற்று நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் கார்லோவிச்சையும் வென்று இறுதி வரை சென்று, மாரின் சிலிச்சிடம் தோற்றார். 2017 இரட்டையர் இறுதியில் வலையின் இரு பக்கமும் இந்தியர்களே நின்றார்கள். ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து பட்டம் வென்ற ஜீவன் நெடுஞ்செழியன் சென்னைக்காரர். அந்த ஆண்டு ஒற்றையர் இறுதியில் தோற்ற இருபது வயது டேனில் மெட்வடேவ் பின்னாளில் உலகின் முதல்நிலை வீரரானார். சொந்த ஊரில் போட்டி நடந்தால்தான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வைல்டு கார்டும் தகுதிச் சுற்றும் கைக்கெட்டும். வெளிநாடு சென்று ஆடும் செலவு எத்தனை குடும்பங்களால் தாங்கக்கூடியது என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்துடன் முடிந்தது. இருபத்தொரு ஆண்டுகள் நடந்த போட்டி 2018இல் புனேக்குப் போனது. நகரத்தில் பலருக்கு அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது: போட்டியின் உரிமம் ஊருக்குச் சொந்தமல்ல, அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் அவர்கள் வேறிடம் போகலாம். நாம் வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். புனேயிலும் அது நிலைக்கவில்லை. 2023 ஜனவரிக்குப் பின் அங்கே நடக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் ஆடவர் ஹாங்காங்கில் ஆடினார்கள். நம் ஜனவரி வாரத்தில் நம்மோடு போட்டியிட்ட கத்தாரின் தோகாவோ 1993இல் தொடங்கியதை, மாதம் மாறினாலும் ஊர் மாறாமல், இன்றுவரை நடத்திவருகிறது.

ஆகவேதான் 2022 செப்டம்பரில் மகளிர் போட்டியை இங்கே கொண்டுவந்தபோது மனமாரப் பாராட்டினேன். பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்டோவா, முதல் செட்டை இழந்தபின் மாக்டா லினெட்டை வென்று கோப்பை ஏந்தினார். கர்மன் கௌர் தாண்டி முதல் சுற்றில் வென்றபோது அரங்கில் எழுந்த ஆரவாரம் பழைய ஜனவரிகளை நினைவூட்டியது. ஆனால் 2023இலும் 2024இலும் மகளிர் போட்டி நடக்கவில்லை. மீண்டும் நடந்தது 2025 அக்டோபர் கடைசியில். இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் வென்றார். 2002க்குப் பின் அவர் நாட்டவர் ஒருவர் பெற்ற முதல் ஒற்றையர் பட்டம் என்பதால் ஒரு நாடே சென்னையின் பெயரை உச்சரித்தது. அந்த வாரத்தில் மழையும் தன் பங்குக்கு ஆடியது.

வடகிழக்குப் பருவமழையின் நடுவில் திறந்தவெளி டென்னிஸை வைத்துவிட்டு வானத்தை நொந்து பயனில்லை. உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் அட்டவணையில் எந்த வாரம் கிடைக்கிறதோ அதைத்தான் நீங்கள் எடுக்க முடியும் என்பதை அறிவேன். ஆனாலும், ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்தவுடன் வரும் வாரத்தைக் கேட்டுப் பாருங்கள். மெல்போர்னிலிருந்து வளைகுடா நாடுகளின் பெரிய போட்டிகளுக்குச் செல்லும் வீராங்கனைகள் அந்த நாட்களில் எப்படியும் ஆசியாவைக் கடக்கிறார்கள். 2024இல் தாய்லாந்தின் ஹுவா ஹினும் 2025இல் சிங்கப்பூரும் அந்த வாரத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டன. தை மாதச் சென்னையில் ஆட்டம் மழையால் கெடுவது அரிது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த ஒரே மாதத்தில், 2016 ஜனவரியில் இதே மைதானத்தில் போட்டி நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அந்த வாரம் கிடைக்காவிட்டால், பிப்ரவரியில் நீங்கள் நடத்தும், முதன்மைப் போட்டிகளுக்கு ஒரு படி கீழான ஆடவர் சேலஞ்சர் போட்டியின் அருகிலாவது நாள் கேட்கலாம். 2024இல் அந்தச் சேலஞ்சரை வென்றுதான் சுமித் நாகல் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தார். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டும் நடந்தால் நடுவர்களுக்கும் பால் பாய்களுக்கும் ஒரே பயிற்சி போதும்.

அரசிடம் கேட்பது, நிதியை ஆண்டுக்கு ஆண்டு அறிவிக்காமல் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதியளியுங்கள் என்பதே. நாளும் ஊரும் தெரிந்தால்தான் பள்ளிகள் தேர்வு அட்டவணையை அதற்கேற்ப அமைக்க முடியும், பெற்றோர் டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துவைக்க முடியும், வீராங்கனைகளும் தங்கள் பயணத்தில் சென்னையைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

இன்னொன்றும் உண்டு. 1997 முதல் இன்றுவரை யார் யார் வென்றார்கள், எந்த ஆண்டு யார் நடுவராக இருந்தார்கள், எந்தப் பள்ளிப் பிள்ளைகள் பந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்ற பதிவை மைதானத்துக்குள் ஒரு சுவரிலாவது வையுங்கள். என்னிடம் பழைய நிகழ்ச்சி நிரல் புத்தகங்களும், டிக்கெட் துண்டுகளும், கையால் நிரப்பிய ஆட்ட அட்டவணைத் தாள்களும் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருக்கின்றன. ராஃப்டர் கையெழுத்திட்ட பந்து ஒன்றும் இருக்கிறது. மை பாதி மங்கிவிட்டது. சுவர் தயாரானதும் சொல்லுங்கள், பெட்டியோடு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
சென்னை