தொழுவத்து ஈயும் சின்னக் குளவியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் வாழ்த்தைச் சொல்.

தொழுவத்தில் ஈத்தொல்லை தாங்கவில்லை, எவ்வளவு மருந்தடித்தும் குறையவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத ஈக்கள்தான் மிஞ்சிப் பெருகும். சாணத்தின் மேல் அடிப்பது இன்னும் மோசம். ஈயின் முட்டையையும் புழுவையும் தின்கிற வண்டுகள், சிற்றுண்ணிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறோம். முதலில் அதை நிறுத்து.

நான் இப்போது ஒட்டுண்ணிக் குளவி விடுகிறேன். குளவி என்றதும் பயப்படாதே. 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆளையும் கொட்டாது, மாட்டையும் கொட்டாது. ஈப்புழு வளர்ந்ததும் காய்ந்த ஓரமாக ஊர்ந்துபோய், பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகிவிடும். பெண் குளவி அதைத் தேடிப் பிடித்து, கூட்டைத் துளைத்து முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு உள்ளிருக்கும் ஈயைத் தின்றே வளரும். மஸ்கிடிஃபியூராக்ஸ் வகைக் குளவி எருவின் மேலாகத் தேடும். ஸ்பலாஞ்சியா வகைக் குளவி எருவுக்குள் ஆழமாக இறங்கும். இரண்டையும் கலந்து விடுவது நல்லது.

ஒன்றை மனதில் வை: பறக்கிற ஈயைக் குளவி ஒன்றும் செய்யாது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாள் போதும். குளவி வளர 2 முதல் 4 வாரம் ஆகும். ஈ பெருகிய பிறகு ஒருமுறை விட்டால் எட்டிப் பிடிக்கவே முடியாது. ஈப் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பித்து, வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குளவி வெகுதூரம் போகாது; ஈ பிறக்கும் இடத்திலேயே விடு. தீவனத் தொட்டியின் அடி, தண்ணீர் கசியும் மூலை, முக்கியமாகக் கன்றுகள் படுக்கும் வைக்கோல். மூத்திரமும் சாணமும் ஊறிய அந்த வைக்கோலை வாரத்துக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் எந்தக் குளவியாலும் பயனில்லை. மாட்டின் காலைக் கடிக்கும் ஈயும் அதில்தான் பிறக்கிறது.

மேய்ச்சல் நிலத்துச் சாணத்தில் பிறக்கும் ஈக்கு இது சரிப்படாது. அங்கே சாண வண்டுதான் துணை. சாணத்தை உருட்டியும் புதைத்தும் ஈக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் போர்னமிஸா என்ற அறிஞரின் யோசனைப்படி, 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டுச் சாண வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து போட்ட மாட்டின் சாணம் சில வாரங்களுக்கு வண்டுக் குஞ்சுகளுக்கு விஷம். அதனால் குடற்புழு மருந்தைத் தேவை பார்த்துப் போடு.

உன் தம்பியின் கோழிக் கொட்டகையில் எருவை மொத்தமாக வழித்தெடுக்க வேண்டாம் என்று சொல். அடியில் காய்ந்த எருவைக் கொஞ்சம் விட்டால், அதிலுள்ள, ஈயின் முட்டையைத் தின்னும் வண்டுகள் புது எருவுக்கு ஏறிவரும்.

குளவி வேலை செய்கிறதா என்று பார்க்க, விட்டுச் சில வாரம் கழித்து, தொழுவத்து ஓரத்தில் கொஞ்சம் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி, குப்பியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வை. ஈ வெளிவந்த கூட்டில் நுனி மூடிபோல் கழன்றிருக்கும். குளவி வந்ததில் சின்ன வட்டத் துளை இருக்கும். இரண்டையும் எண்ணி எழுது. துளை குறைவாக இருந்தால் எங்கே விட்டாய், அங்கே என்ன மருந்து பட்டது என்றும் சேர்த்து எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்