கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை

திருவொற்றியூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, உங்கள் பாய்லர் டிரம் லெவலுக்கு, அதாவது டிரம்மில் தண்ணீர் மட்டம் மாறாமல் தண்ணீர் வால்வைத் திறந்து மூட, இன்னும் அழுத்தக் காற்றில் ஓடுகிற கன்ட்ரோலர்தான் இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் போடப் போகிறோம் என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. மணலிப் பக்கம் முப்பது வருடம் அதைத் தொட்டுப் பழகியவனுக்கு, அதன் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை.

மாற்றுவது சரிதான் அம்மா. காற்றுக்குத் தூரம் ஆகாது. செப்பு டியூப் நூறு மீட்டரைத் தாண்டினால் காற்றழுத்தமாகப் போகிற சிக்னல் போய்ச் சேரவே சில நொடி பிடிக்கும். அதற்குள் லெவல் ஏறிவிடும். வால்வு தேவைக்கு மேல் மூடும், அப்புறம் தேவைக்கு மேல் திறக்கும், ஊஞ்சல் மாதிரி. மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் இன்னொரு பாடு: காற்றை உலர்த்துகிற டிரையர் சரியில்லை என்றால் காற்று லைனில் தண்ணீர் சேரும். கன்ட்ரோலருக்குள் காற்றைப் பீய்ச்சுகிற முனை, நாசில், அதற்குக் காற்று விடுகிற துளை அத்தனை சின்னது, துளி எண்ணெயோ துருவோ போதும், அடைத்துக்கொள்ளும். எத்தனை ராத்திரி மெல்லிய கம்பியை விட்டு அதைச் சுத்தம் செய்திருக்கிறேன்!

ஆனால் எடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார். நாசிலுக்கு எதிரே ஒரு தகடு நிற்கும், ஃபிளாப்பர். தலைமுடி பருமன் நகர்ந்தாலே போதும், வெளியே போகிற அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15 வரை ஏறிவிடும். நீ கணக்காகப் படித்த ரீசெட், அதாவது வித்தியாசம் தீரும்வரை திருத்திக்கொண்டே போகிற வேலை, அங்கே பெல்லோஸும் (துருத்தி மாதிரி மடிப்புக் குழாய்) ஊசி வால்வுமாகக் கண்ணெதிரே இருக்கும். சீக்ளர், நிக்கல்ஸ் என்ற இரண்டு இன்ஜினீயர்கள் 1942இல் எழுதிய, கன்ட்ரோலரைச் சரியாகச் செட் செய்கிற டியூனிங் முறை இந்தக் காற்றுக் கன்ட்ரோலர்கள் ஓடிய காலத்தில் பிறந்தது. உன் எலக்ட்ரானிக் சிக்னலின் 4–20 மில்லி ஆம்பியரிலும், இந்த 3–15 போலவே, அதே ஒன்றுக்கு ஐந்துதான். பூஜ்யத்தில் தொடங்காததற்குக் காரணமும் ஒன்றே: பூஜ்யம் வந்தால் லைன் அறுந்துவிட்டது என்று தெரிய வேண்டும்.

ஒரு கார்த்திகை மாத மழை ராத்திரி, எங்கள் கன்ட்ரோல் ரூம் பேனலுக்கு வருகிற மின்சாரம் போய்விட்டது. எல்லாம் இருட்டு. எரிபொருள் வால்வு ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொண்டது. அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே சூடு அப்படியே இருந்தது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டேயிருந்தது. டிரம் லெவல் மட்டும் பழைய காற்றுக் கன்ட்ரோலரில் இருந்தது. ரிசீவரில் (காற்றுத் தொட்டியில்) மிச்சமிருந்த காற்றை வைத்து அது தண்ணீர் வால்வைத் திறந்து திறந்து மூடிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸில் டார்ச் அடித்துப் பார்த்தேன், தண்ணீர் இறங்கவேயில்லை.

அதனால்தான் கேட்கிறேன். புதுக் கன்ட்ரோலருக்கு மின்சாரம் யூ.பி.எஸ்.ஸிலிருந்து வருகிறதா? நீங்கள் எதைப் போட்டாலும் கடைசியில் வால்வை அசைக்கப்போவது காற்றுதான். சிக்னல் நின்றுபோனால் ஸ்பிரிங் அதைத் திறக்குமா, மூடுமா? டிராயிங்கில் எழுதியிருப்பதை நம்பாதே. ஷட்டவுனில் சிக்னல் கம்பியை நீயே கழற்றி, பக்கத்தில் நின்று பார்.

பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். கழற்றுகிற கன்ட்ரோலரின் பெல்லோஸை ஸ்கிராப்பில் போட விடாதே, கேட்டு வாங்கிப் பத்திரமாக வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா.

அன்புடன்
அப்பா