அம்மா, பம்ப்ப நிப்பாட்டச் சொல்லாதீங்க

ஈஸ்ட் ஹாம், லண்டன்
தை மாசம்

அன்புள்ள அம்மாக்கு,

போன்ல கதைக்கக்குள்ள, நான் முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்மாக்கு) ஊதி எடுக்கிற பம்ப்பப் பத்தி, "அந்த பம்ப்ப விட்டுரு மகள், வயித்துப் புள்ளைக்குக் கூடாது" எண்டு சொல்லி அழுதிட்டீங்க, நான் மறுமொழி சொல்ல முதலே லைன் கட்டாகிட்டு. வொய்ஸ் போட்டா இடையில எனக்கு மூச்சு வாங்கும், அதக் கேட்டா நீங்க இன்னும் பயப்படுவீங்க, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். தங்கச்சிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அவள் இடையில விட்டு விட்டு வாசிக்காம முழுக்க வாசிக்கட்டும்.

அம்மா, புள்ளைக்குக் கூடாதது பம்ப் இல்ல, எனக்கு மூச்சு எடுக்க ஏலாம போறதுதான். எனக்கு ஒக்சிஜன் குறைஞ்சா புள்ளைக்கும் குறையும். ஊதுற மருந்து நேரா நெஞ்சுக்குள்ள போய் வேல செய்யும், ரத்தத்துல கலக்கிறது கொஞ்சம்தான். இஞ்ச ஆஸ்மாக்கெண்டே ஒரு நர்ஸ் இரிக்கிறா, மாசமா இருக்கன் எண்டு சொன்ன உடனே அவ முதல் சொன்ன கதையே பிரவுன் பம்ப்ப, நாளாந்தம் எடுக்கிறத, ஒருநாளும் நிப்பாட்டாத எண்டதுதான்.

ஊர்ல நாங்க முட்டு வந்தா மட்டும்தான மருந்தத் தேடுவம். சின்னதில மட்டக்களப்புப் படுவான்கரைல வயல் வெட்டுற காலம் நெல்லுத் தூசி பறந்து எனக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கினா, இரவோட இரவா என்னத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடி மருந்தப் பனிப்புகை மாதிரி ஊதுற நெபுலைசர் பிடிப்பீங்க, ரெண்டு நாள்ல சுகம் வந்தா மறுகா எல்லாரும் அயத்துப் போவம். நீலப் பம்ப்பும் அப்பிடித்தான், அடிச்சு கொஞ்ச நேரத்துல மூச்சுக்குழல விரிச்சு விடும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். பிரவுன் பம்ப் அப்பிடி இல்ல அம்மா, அது உள்ளுக்குள்ள இரிக்கிற வீக்கத்த நாளாந்தம் குறைச்சு வச்சிருக்கிறது, சுகமா இரிக்கிற நாளும் எடுத்தாத்தான் முட்டு வராம காக்கும். வெள்ளாப்பிலயும் இரவும் பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில வைக்கிற ஸ்பேசர் குழாய வச்சு எடுத்திட்டு வாயக் கொப்பளிச்சுத் துப்புறன், இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளையாப் புண் வரும்.

ஆஸ்மா இரிக்கிற கர்ப்பிணியள்ல மூண்டுல ஒரு பங்குக்கு வருத்தம் கூடுமாம், ஒரு பங்குக்கு குறையுமாம், மத்தாக்களுக்கு இருந்த மாதிரியே இருக்குமாம். நான் கூடின பக்கம். 24ல இருந்து 36 கிழமை வரைக்கும்தான் கூட கஷ்டமாம், கடைசி மாசம் பொதுவா லேசாகும் எண்டு சொல்றாங்க, நான் இப்ப 34. இந்தக் குளிர்க் காத்து மூக்குக்குள்ள போன உடனே இருமல் பிடிக்குது, அதால வெளிக்கிடக்குள்ள சால்வையால மூக்கையும் வாயையும் மூடிட்டுத்தான் போறன். வாடகை வீட்டுச் சுவர்ல கறுப்பா பூஞ்சணம், இவர் மாஸ்க் போட்டுட்டு நிண்டு துடைக்கிறார், துடைக்கத் துடைக்க திரும்பவும் வருது. சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் நிப்பாட்டியாச்சு, பொங்கலுக்கும் சாமிக்கு விளக்கு மட்டும்தான்.

மறுகா இந்த வயித்து இறுக்கம். அது பிள்ளப்பேத்துக் குத்து இல்ல அம்மா, வயிறு பழகிப் பாக்கிறது. 1872லயே ஜோன் பிரக்ஸ்டன் ஹிக்ஸ் எண்ட இங்கிலீஸ் டொக்டர் இதப் பத்தி எழுதி வச்சிட்டாராம், இண்டைக்கும் அவர்ட பேரத்தான் சொல்றாங்க. வரக்குள்ள வயிறு தொட்டா நெத்தி மாதிரி இறுகி இரிக்கும், கொஞ்சத்தால தானா இளகிடும். நேர ஒழுங்கு இல்ல, கூடிக்கொண்டு போகாது. தண்ணி குடிச்சு, பாத்ரூம் போய், இடப் பக்கம் சரிஞ்சு படுத்தா அடங்கிடும். உண்மைக் குத்து எண்டா என்ன செஞ்சாலும் அடங்காது, வர வர கிட்டக் கிட்ட வரும், நோவும் கூடும்.

எனக்கு என்ன பிரச்சினையெண்டா ரெண்டும் ஒண்டுக்கொண்டு கொளுவிக்கொண்டு வருது. போன கிழமை ஒரு இரவு கீழ் வீட்டுல ஆரோ செத்தல் மிளகாய் வறுத்தாங்க, புகை படியால ஏறி வந்திட்டு, நான் இருமத் தொடங்கி, இருமின இருமல்ல வயிறு இறுகி, அந்தப் பயத்துல மூச்சு மேல் மேலா வந்து, எது முட்டு எது பயம் எண்டு எனக்கே விளங்கல்ல. இவர் ஜன்னலத் துறந்து, என்ன நிமிந்து இருக்க வச்சு, நீலப் பம்ப்ப ஸ்பேசர்ல போட்டு ஒவ்வொண்டா அடிக்கத் தந்திட்டு, மத்தக் கையால போன்ல இறுக்கம் வாற நேரத்தக் குறிச்சார். முட்டு அடங்கிட்டு, இறுக்கம் அடங்கல்ல. 37 கிழமைக்கு முதல் இறுக்கம் ஒழுங்கா வந்தா பாத்துக்கொண்டு நிக்கப்படாது எண்டு சொல்லியிருந்தபடியால அவசரத்துக்கு முதல்ல கதைக்கிற ஆசுபத்திரி ட்ரயாஜ் நம்பருக்கு அடிச்சம், உடனே வரச் சொன்னாங்க. வயித்துல ரெண்டு பெல்ட் கட்டி ஒண்டால புள்ளைட துடிப்பும் மத்ததால இறுக்கமும் பாத்தாங்க, விரல்ல கிளிப் மாட்டி ஒக்சிஜன் பாத்தாங்க, 97. புள்ளைட துடிப்பு அறை முழுக்க கேட்டுது அம்மா, அதக் கேட்ட உடனே எனக்கு அழுகை வந்திட்டு. இறுக்கம் தாறுமாறா வந்து தானா நிண்டுட்டு, ரெண்டு கிளாஸ் தண்ணி குடிக்கத் தந்து விடிய வீட்ட அனுப்பினாங்க. இந்தக் குளிருக்குள்ள தாகமே தெரியிறல்ல, ஆனா தண்ணி குறைஞ்சா வயிறு கூட இறுகுமாம், இப்ப போத்தலப் பக்கத்திலயே வச்சிருக்கன்.

படி ஏற மூச்சு வாங்கிறது கன கர்ப்பிணியளுக்கு இரிக்கிறதுதான், கடைசி மாசங்கள்ல கர்ப்பப்பையும் மேல தள்ளும். அதுக்கு நான் பயப்படல்ல. நெஞ்சு கீச்சுக் கீச்செண்டு இழுத்தாலோ, இரவு இருமல்ல எழும்பினாலோ, நீலப் பம்ப் கேக்காட்டியோதான் பயம், அப்ப அம்புலன்ஸ்தான். தண்ணி உடைஞ்சா, ரத்தம் பட்டா, புள்ளைட அசைவு குறைஞ்சா உடனே அடிப்பன், விடியட்டும் எண்டு பாக்க மாட்டன். இத உங்களுக்கு வாக்காத் தாறன்.

பேறு நேரம் முட்டு வந்தா என்ன செய்யிற எண்டு கேட்டீங்க. அந்த நேரத்துல வாறது அரிதாம், பம்ப்ப கையில வச்சிருக்கலாம், நோவுக்குக் குடுக்கிற கேஸ் வாயுவும் பிடிக்கலாம். பேத்துக்குப் பிறகு ரத்தப்போக்க நிப்பாட்டக் குடுக்கிற ஒரு ஊசி ஆஸ்மாக்காரருக்குச் சரிவராதாம், அதக் கேட்டு எண்ட நோட்ஸ்ல எழுதுவிச்சிட்டன். செலவ நினைச்சும் கவலப்படாதீங்க, இஞ்ச கர்ப்பிணியளுக்கு டொக்டர் எழுதுற மருந்து இலவசம், புள்ளைக்கு ஒரு வயசு ஆகுமட்டும்.

ஆனா ஒண்டு அம்மா, எங்கட ஊர்ல மிட்வைஃப் மிஸ் கேற்றத் தட்டி, கர்ப்பிணியளுக்குக் குடுக்கிற சத்துமாவப் பத்தி "திரிபோஷா சாப்பிட்டயா புள்ள" எண்டு கேட்டு வருவா, அது இஞ்ச இல்ல. எல்லாரும் நல்ல ஆக்கள்தான், ஆனா ஒவ்வொரு முறையும் ஒவ்வொராள், முதல்ல இருந்து எல்லாக் கதையும் சொல்லணும். உங்கட கையால ஒரு வாய் புட்டும் தயிரும் தின்னணும் போல இரிக்கு. விசாக் கடிதம் வந்தா உடனே சொல்லுங்க.

மாமா வரக்குள்ள பிள்ள பெத்தாக்களுக்குக் குடுக்கிற காயச் சரக்கு அரைச்ச தூள் குடுத்து விடுங்க, சாம்பிராணி வேணாம். அக்காட மகனுக்கும் கிளினிக்கில குடுத்த பிரவுன் பம்ப் அலுமாரிக்குள்ள கிடக்கு எண்டு தங்கச்சி சொன்னாள். மாசில வயல் வெட்டுத் தொடங்க முதல், திகதியப் பாத்திட்டு, அவனுக்கும் நாளாந்தம் குடுக்கச் சொல்லுங்க, அக்கா மாட்டன் எண்டா இந்தக் கடிதத்தக் காட்டுங்க.

உங்கட மகள்